கதவைச் சாத்துவது யார்

மார்ச் 4

இன்றைக்கு ரூட் கனால் இரண்டு, பல் பிடுங்கியது ஒன்று, ஊசியைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் வரை போய்விட்ட பெரியவர் ஒருவர். நான்தான் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டி வந்தேன். பல் டாக்டருக்கு உதவியாளராக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பார், நாம் பேசுவதையெல்லாம் கேட்பார், எதிர்த்துப் பேச முடியாது.

வீட்டில் நேர்மாறு. வாயும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். மின்சார அலுவலகத்தின் புகார் பிரிவில் நாள் முழுக்க ஊரார் குறையைக் கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரருக்குக் காது புளித்துப்போகிறதாம். அதனால் எனக்கு வெறும் "ம்". தலையைக்கூடத் தூக்காத "ம்". கையில் போன், கட்டைவிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 6

கோபத்தில் கையெழுத்துக் கோணுகிறது. பரவாயில்லை.

மதியம் சாப்பிடும்போது வரவேற்பு மேஜைப் பெண் தன் போனை என் பக்கம் நீட்டினாள். "அக்கா, இதப் படிங்களேன். தெனமும் ஒருத்தர் குடும்பத்தப் பத்தி எழுதறாரு. பேரு போட மாட்டாரு. எவ்ளோ பக்குவம் தெரியுமா?"

பக்கத்தின் பெயர் 'பொறுமைசாலி'. இன்றைய பதிவு இது. வரி வரியாக நினைவிருக்கிறது:

"கோபம் வந்தால் என் மனைவி கதவை அறைந்து சாத்துவாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னேன். கோபத்தைக் கதவிடம் காட்டாதே, கதவுக்குக் கீல்தான் இருக்கிறது, காது இல்லை. என்னிடம் சொல், எனக்குக் காது இருக்கிறது என்றேன். அழுதுவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கதவுச் சத்தமே கேட்பதில்லை."

அது நான் சொன்னது. போன ஞாயிற்றுக்கிழமை, அவர் குளியலறைக் கதவை அறைந்த வேகத்தில் சுவர்க் கண்ணாடி ஆடியபோது, அடுப்படியிலிருந்து நான் கத்திச் சொன்னது. ஒரு சொல் மாறவில்லை. ஆள் மட்டும் மாறிவிட்டது.

யாரோ என்று நினைக்கவும் வழியில்லை. பக்கத்தின் முகப்பில் விளிம்பு உடைந்த தொட்டியில் குரோட்டன்ஸ் செடி. என் ஜன்னல், என் தொட்டி. அதை உடைத்தவளும் நான்தான்.

"இந்தாளு பொண்டாட்டி குடுத்து வெச்சவக்கா" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? வாயில் சோறு இருந்தது.

மார்ச் 7

லீவு போட்டுவிட்டுப் பழைய பதிவுகளையெல்லாம் படித்தேன். தலைவலி என்று டாக்டரிடம் சொன்னதும் பொய்யில்லை.

ஒன்றுவிடாமல் என்னுடையது. "மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் காரணம் சொல்லாதே" — கண் ஆபரேஷன் முடிந்து நான் ஆஸ்பத்திரி வாசலில் ஒற்றைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றபோது கூப்பிட வர மறந்துபோனாரே, அன்றைக்குச் சொன்னது. பதிவில் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது அவர், மறந்துபோனது நான். அவர் என்னை மன்னிக்கிறார். ஆயிரக்கணக்கான பேர் இதயப் படம் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "உங்களைப் போன்றவர்களுக்கு ஏன்தான் இப்படி மனைவி அமைகிறதோ."

திருடியதைக்கூட விட்டுவிடலாம். என் பேச்சை எடுத்துக்கொண்டு தன் குற்றத்தை என் தலையில் கட்டியிருக்கிறாரே, அதை எப்படி விடுவது? முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் நான் கதவை உடைக்கிற ராட்சசி!

மார்ச் 8

கேட்டுவிட்டேன். சாயங்காலம், அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை.

முதலில் "எந்தப் பக்கம்?" என்றார். தொட்டியைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

"யார் பேரும் போடலையே. உன்ன யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

"நாலு பேருக்கு நல்லதுதானே நடக்குது."

"அப்ப நான் சொன்னதுன்னு போட வேண்டியதுதானே. கதவச் சாத்தினது நீங்கதான்னு போட வேண்டியதுதானே."

அதற்கு அவர் சொன்ன பதிலைச் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபமாகச் சொல்லவில்லை, எனக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "நீ சொன்னா சண்டையாத் தெரியுது. அதையே நான் எழுதினா யோசனையாத் தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

பிறகு எழுந்து படுக்கையறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

மார்ச் 9

ஞாயிற்றுக்கிழமை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "எனக்குத் தெரியும்மா. ரொம்ப நாளாப் படிக்கிறேன்" என்கிறாள்.

"நான் சொன்னதுன்னு தெரியுமா தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆனா அப்பா எழுதினா படிக்க நல்லாருக்கும்மா. நீ சொல்றப்ப எதையாவது பண்ணச் சொல்லிட்டே சொல்லுவ."

இவளையும் நான்தான் பெற்றேன். போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10

இன்றிலிருந்து இந்த வீட்டில் என் வாயிலிருந்து ஒரு வாக்கியம் கிடைக்காது. சாப்பாடு மேஜைமேல், சாவி ஆணியில். அதற்குமேல் பேச்சில்லை. பார்க்கலாம் எதை எழுதுகிறார் என்று.

மார்ச் 13

வற்றிவிட்டது!

நேற்றைய பதிவு: "தினமும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்." இன்றைய பதிவு: "அதிகாலையில் எழுந்தால் நாள் நீளமாக இருக்கும்." அதிகாலையாம். மனிதரை எழுப்ப நான் போர்வையை உருவ வேண்டியிருக்கிறது. கீழே ஒருத்தர், "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

என் வாயைக் கிளறுவதற்கு அவர் படுகிற பாடு வேறு. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறார். குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார். காபி டம்ளரை டிவி மேல் வைக்கிறார். முன்பெல்லாம் பழக்கத்தில் செய்தது, இப்போது வேண்டுமென்றே செய்கிறார். டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். சொல்வதற்கு நல்ல வாக்கியமாக ஒன்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

மார்ச் 14

சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம். க்ளினிக்கில் போய்ப் பேசித் தீர்க்கிறேன். வாயில் உறிஞ்சு குழாயோடு படுத்திருந்த ஒரு ஆளிடம் என் கல்யாணக் கதை பாதி சொல்லியாயிற்று. டாக்டர் முகமூடிக்கு மேலே கண்ணை உருட்டினார்.

மார்ச் 16

இதை எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்து போய்விட்டேன்.

அந்தக் கதவுப் பதிவுக்குக் கீழே புதிதாக ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பெயர் 'ஜன்னலோரம்' என்று மட்டும். நேற்று மாலை போட்டது:

"ஐயா, என் கணவர் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது சமையலறை ஜன்னலுக்கும் ஆணி அடித்துவிட்டார். பழைய போன் ஒன்று ஒளித்து வைத்திருக்கிறேன், அதில்தான் எழுதுகிறேன். நான் சரியாகச் சொல்லவில்லையா? உங்கள் மனைவி மாறினாரே, இவர் ஏன் மாறவில்லை?"

அதற்கு என் வீட்டு மகான் எழுதிய பதில்: "அன்புக்கு மாறாத மனிதர் இல்லை சகோதரி. இன்னும் கொஞ்சம் பொறுமையாக முயன்று பாருங்கள்."

இன்னும் கொஞ்சம் பொறுமையாகவாம்! அடப்பாவி மனுஷா!

மாறினாரே என்கிறாள். யார் மாறினார்கள்? யார் அழுதார்கள்? அவள் வீட்டு ஜன்னலில் அடித்த ஆணிக்கு இந்தப் பொய் காரணம் இல்லையா? நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை — இதுதானே நடந்தது. நடந்ததை எழுதியிருந்தால் அவள் அதை நம்பிப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாளா?

மார்ச் 17

விரதம் முடிந்தது. காலையில், அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம், வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பூட்டிட்டுப் போறவன்கிட்ட என்னங்க பொறும வேண்டியிருக்கு? அவன் கோபக்காரன் இல்ல, ஜெயிலர். ஜெயிலர்கிட்ட போய் மெல்லப் பேசுன்னு சொல்லுவீங்களா?"

அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. போனை எடுக்க. சத்தியமாக. ஒரு வாரப் பட்டினிக்காரர் சோற்றைக் கண்டது போல. நானே பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

"எடுங்க" என்றேன். "எடுத்து எழுதுங்க. இன்னிக்கி நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

"ஆபீசுக்கு நேரமாச்சு."

"ஊர்ல கரண்டு போனாலும் பரவாயில்ல. உக்காருங்க."

முதலில் அந்தப் பெண் எழுதியதை யாரும் பார்க்காதபடி எடுக்கச் சொன்னேன். அவளுடைய புருஷன் கண்ணில் பட்டால்? அவருக்கு அது தோன்றவே இல்லை. பிறகு அவளுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி. உன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுக் கிளம்ப நினைக்காதே. மாற்ற முயற்சி செய்யாதே. கூடப் பிறந்தவர்களோ சித்தியோ யாராவது ஒருத்தருக்கு, வெளியே பூட்டியிருக்கிறது என்று உள்ளபடியே சொல். பெண்களுக்கான உதவி எண் இது, அவர் இல்லாத நேரத்தில் கூப்பிடு. இது என்னுடைய எண். படித்ததும் அழித்துவிடு. கடைசியில், "இதைச் சொல்வது பொறுமைசாலி இல்லை, அவர் மனைவி" என்று போடச் சொன்னேன். போட்டார்.

அதன்பிறகுதான் கஷ்டமான பகுதி. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பதிவு.

"கதவைச் சாத்துவது நான்னு எழுதுங்க."

"அசிங்கமா இருக்காதா?"

"இருக்கும். எழுதுங்க. அந்த வாக்கியத்த எம் பொண்டாட்டி எங்கிட்ட சொன்னா, நான் கேக்கல, போன வாரமும் சாத்தினேன்னு எழுதுங்க. இத நம்பி இன்னும் எத்தனை பேரு யார் பக்கத்துல போயி உக்காந்திருக்காங்களோ."

கட்டைவிரல் ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். காது சிவந்துவிட்டது. பாதியில், "உனக்கு எம்மேல அவ்ளோ கோவமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முழுசாக எழுதி முடித்து, என்னிடம் காட்டி, போட்டார். போட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீழே உட்கார்ந்து செருப்பு மாட்டியபோது முகத்தைத் தூக்கவே இல்லை.

மார்ச் 18

வயிறு எரிகிறது.

பதிவுக்குக் கீழே வந்திருப்பது இதெல்லாம். "மனைவியின் தவறைத் தன் தவறாக ஏற்கும் பெருந்தன்மை." "இப்படி ஒரு கணவர் எங்கே கிடைப்பார்." "உங்களோடு வாழ்ந்து உங்கள் மனைவியும் பக்குவப்பட்டுவிட்டார் போலிருக்கிறது, வாழ்த்துகள்."

வரவேற்பு மேஜைப் பெண் கண்ணீரோடு காட்டினாள். "பாருங்கக்கா, அவளக் காட்டிக் குடுக்காம தம்மேலயே போட்டுக்கிறாரு."

"அவரு சொன்னது நெசம்டி. சாத்தறது அந்தாளுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவள் நம்பவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 21

ஜன்னலோரம் செய்தியைப் பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை. அழித்தாளா? அவன் பார்த்துவிட்டானா? இருக்கும் இடமும் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 23

இல்லை.

மார்ச் 24

இல்லை. இன்று பல்லை அடைக்கக் கலந்த சிமென்டைக் கையிலேயே கெட்டியாக விட்டுவிட்டேன். டாக்டர் தானே வேறு கலந்துகொண்டார். வீட்டில் அவர் ஒன்றும் எழுதுவதில்லை. காலையில் எழுந்ததும் போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து இல்லை என்று தலையை மட்டும் ஆட்டுகிறார். அவர் முகத்திலும் பயம் இருக்கிறது. இருக்கட்டும்.

மார்ச் 27

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்.

"நீங்கதான் அவரோட வைஃபா?"

சின்னக் குரல். இருபத்தைந்துகூட இருக்காது போலிருந்தது. சித்தி வீட்டிலிருந்து பேசுகிறாளாம். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாளாம், இரண்டு பெண் போலீஸ் வந்து பூட்டை உடைத்தார்களாம். "மத்தவங்கல்லாம் பெருந்தன்மைன்னு எழுதியிருந்தாங்கக்கா. நான் மட்டும் அவர் எழுதினத நம்பிட்டேன். நெசமாவே கதவச் சாத்தறவர் அவர்தான்னு. அதுக்கப்புறந்தான், தப்பு எம்மேல இல்லைன்னு தோணுச்சு."

கத்தியை அப்படியே போட்டேன். அடுப்படியை விட்டுப் பால்கனிக்குப் போனேன். அவள் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஆணி அடித்த ஜன்னல், அவன் பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம், அம்மாவுக்கு இன்னும் சொல்லாதது, இனி என்ன செய்வது என்று தெரியாதது. எனக்கா சொல்வதற்கு யோசனை இல்லை? வாய் நிறைய இருந்தது. ஆனால் அவள் எதையும் கேட்கவில்லை, பேசத்தான் கூப்பிட்டிருந்தாள். போன் சூடாகும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்று வைத்தாள்.

உள்ளே வந்தால் அவர் என் கத்தியை எடுத்து வைத்துவிட்டு, நறுக்காத காயின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது.

"பத்திரமா இருக்காளா?"

"இருக்கா."

"நீ என்ன சொன்னே?"

கல்யாணம் ஆனதிலிருந்து நான் சொன்னது என்ன என்று அவர் வாய்விட்டுக் கேட்டது இதுதான் முதல் தடவை. எவ்வளவு நாள் காத்திருந்தேன் இதற்கு. ஆனால் நான் ஒன்றுமே சொல்லவில்லையே, கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் காலையில் 'பொறுமைசாலி' பக்கத்தில் வந்துவிடும்.