விடியுமுன் வந்த கண்ணாடிக்காரன்

லீமா, 1992 ஜூலை 19

அன்புள்ள எர்மெலிந்தா அக்காவுக்கு,

உன் தம்பி உயிரோடு இருக்கிறேன். ரேடியோவில் கேட்டிருப்பாய். வியாழன் இரவு அடுத்த தெருவில் வெடிமருந்து ஏற்றிய கார் ஒன்று வெடித்தது. அங்கே நடந்ததை எழுதக் கை வரவில்லை. எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. ஜன்னல் கண்ணாடி மட்டும் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த நாட்டில் குண்டு வெடிக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. எங்கள் தெருவுக்கு மூன்று நாள். எதிர்வீட்டு சென்யோரா ஸோய்லா, தலைமுடியைச் சுருட்டிய கிளிப்புகளோடு நடுத்தெருவில் நின்று கத்தினார்: "போர் ஆரம்பிச்சிருச்சு, தோன் ஒக்தாவியோ! போர் ஆரம்பிச்சிருச்சு!" நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் அவருக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உன் ஞானமகன் டெல்ஃபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ என்னிடம் அனுப்பிவைத்த பையன் இப்போது கண்ணாடி போடும் தொழிலில் பேர் வாங்கிவிட்டான். குண்டு வெடித்த இரவே அவன் குடியிருக்கும் மணல்மேட்டுக்குப் போன் செய்தேன். அந்த மேடு முழுவதற்கும் எலெயுதேரியோ என்பவரின் மளிகைக்கடையில் இருக்கும் ஒரே போன்தான். "டெல்ஃபினை விடியறதுக்குள்ள வரச் சொல்லுங்க. நாளைக்கு ஊரே அவனைத் தேடும், மொத ஜன்னல் என்னுது" என்றேன். "யாரு பேசினதுன்னு சொல்றது?" என்றார் கடைக்காரர். "அவனுக்குத் தெரியும்" என்று வைத்துவிட்டேன்.

சொன்னபடியே இருட்டு பிரியுமுன் மூன்றுசக்கர மிதிவண்டியில் கண்ணாடிகளோடு வந்து நின்றான். என் படிப்பறை ஜன்னலை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, பொஞ்சாதி மாசமா இருக்கா. நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும். பையன் பொறந்தா உங்க பேருதான்" என்றான். சரி என்றேன். எனக்குப் பிள்ளையில்லாத குறையை இப்படியாவது தேவாலயம் தீர்த்துவைக்கட்டும்.

அன்புத் தம்பி,
ஒக்தாவியோ

*

குவாமங்கா, 1992 ஆகஸ்ட் 2

அன்புத் தம்பிக்கு,

நீ பிழைத்ததற்குச் சாந்தா தெரேசா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். உங்கள் சென்யோரா ஸோய்லாவுக்கு ஒரு யோசனை சொல்: ராத்திரியில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்கட்டும், வெடியின் அதிர்வு வெளியே போய்விடும். கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டட்டும். குளியலறைத் தொட்டியில் எப்போதும் தண்ணீர் பிடித்து வைக்கட்டும். இங்கே குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். என் மருந்துக்கடையில் பஞ்சுக்கு அடுத்தபடி விற்பது டேப்தான்.

டெல்ஃபின் உன்னைக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். இனி நீ அவனுக்குக் கொம்பாத்ரே, அவன் உனக்குக் கொம்பாத்ரே; ஒரே பிள்ளைக்கு இரண்டு தகப்பன்கள். உனக்குத் தெரியாததில்லை, ஆனால் நீ அந்தப் பக்கம் போய் முப்பது வருஷமாகிறது என்பதால் சொல்கிறேன்: எங்களுக்கு இது கூடப்பிறந்த உறவைவிட ஒரு படி மேல். அவன் அப்பாவைச் சந்தையிலிருந்து திரும்பும் வழியில் கூட்டிப்போனார்கள். சிப்பாய்களா, குண்டு வைக்கும் மற்றவர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. பையனாவது இருக்கட்டும் என்றுதான் உன்னிடம் அனுப்பினேன். பார்த்துக்கொள்.

கடிதத்தில் நீ சாப்பிடுவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எப்போதும் இப்படித்தான்.

அக்கா,
எர்மெலிந்தா

*

லீமா, 1992 ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் யோசனைகளைச் சொன்னேன். "மலைநாட்டுக்காரங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார் சென்யோரா ஸோய்லா, ஏதோ உங்களுக்குக் கிடைத்த சலுகை போல.

எங்கள் தெருவுக்கு இப்போது ஒரு குழு இருக்கிறது. தலைவர் கமாண்டர் ரைகாதா, கடற்படையில் ஓய்வு பெற்றவர். சுதந்திர தினத்துக்கு எல்லா வீட்டிலும் கொடி கட்ட வேண்டும் என்பது சட்டம். கண்ணாடியில்லாத ஜன்னல்களில் கொடியே திரையாகவும் பயன்பட்டது. அடுத்த தீர்மானம், தெருவின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு, காவலாளி. அதற்கடுத்ததுதான் உனக்கு எழுத வேண்டியது.

கூட்டத்தில் கமாண்டர் எழுந்தார். "ஒரு கேள்வி. குண்டு வெடிச்ச மறுநாள், போலீஸ் வர்றதுக்கு முன்னாடி, இந்தத் தெருவுக்கு மொத வந்தது யாரு?"

"கண்ணாடிக்காரன்" என்றது கூட்டம்.

"எத்தனை கண்ணாடி உடையும்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? வண்டி நெறைய கொண்டாந்திருக்கான்!"

"அய்யய்யோ, எங்க வீட்டு ஜன்னலையெல்லாம் அளந்துட்டுப் போனானே!" என்றார் சென்யோரா ஸோய்லா.

"எந்த ஊர்க்காரன்?"

"அயாகுச்சோ."

நம் குவாமங்காவை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்; குண்டு வைப்பவர்கள் எல்லாம் அங்கிருந்து கிளம்பியவர்கள் என்பது இவர்கள் கணக்கு. அதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை. போலீசுக்குத் தெரிவிக்கலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். என் கை பாதி உயரம்தான் போனது. அதையும் முழுக் கையாகக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

மறுநாள் அவன் சென்யோரா ஸோய்லாவின் ஜன்னலில் ஏணிமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர்கள் வந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள். மேல் கண்ணாடி போட்டாயிற்று, கீழ்க் கண்ணாடி இல்லை. குளிர்காலப் பனித்தூறல் உள்ளே வருகிறது, பாதியில் விட்டுப் போய்விட்டானே என்று அவர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

கவலைப்படாதே. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். பரபரப்பு அடங்கட்டும்.

அன்புடன்,
ஒக்தாவியோ

*

குவாமங்கா, 1992 ஆகஸ்ட் 23

ஒக்தாவியோ,

எது அடங்கட்டும்? அவனைக் கூப்பிட்டது நீ. அதனால்தான் அவன் விடியுமுன் வந்தான். இது உனக்கும் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அவன் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நான் சொன்னால் ஊர்க்காரி என்பார்கள். நீ பணக்காரர்கள் வாழும் மிராஃப்ளோரஸில் வீடு உள்ளவன். முப்பது வருஷம் நோட்டரியாக உட்கார்ந்து அடுத்தவர் கையெழுத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவன். போய், "நான்தான் கூப்பிட்டேன்" என்று சொல். இரண்டே சொல்.

நீ நன்றாக எழுதுகிறாய். உன் கடிதத்தைப் படித்து ஓரிடத்தில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

எர்மெலிந்தா

*

லீமா, 1992 செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். நீயும் டெலிவிஷனில் பார்த்திருப்பாய்: குண்டு வைப்பவர்களின் தலைவர் பிடிபட்டுவிட்டார். இங்கே கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. கமாண்டர் பிஸ்கோ பிராந்தி பாட்டிலைத் திறந்து, தேசிய கீதம் பாடி, இரண்டாம் அடியில் வார்த்தை மறந்து அழுதார். சென்யோரா ஸோய்லா என்னைக் கட்டிக்கொண்டார். நானும் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. எல்லோரும் பிரெசிடெண்டைப் புகழ்கிறார்கள். ஏப்ரலில் அவர் பாராளுமன்றத்தைப் பூட்டியபோது கவலைப்பட்டவர்கள், இப்போது கவலைப்பட்டதற்காகக் கவலைப்படுகிறார்கள்.

டெல்ஃபின் விஷயம். வழக்கு முகம் காட்டாத நீதிபதிகளிடம் போயிருக்கிறது. அவர்கள் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்களாம். குரலையும் இயந்திரம் மாற்றிவிடுமாம். அவன் வக்கீலைச் சந்தித்தேன், ஒரு காபிக்கடையில். "யாரு கூப்பிட்டாங்கன்னு கேட்டதுக்கு, 'ஒரு ஐயா கூப்பிட்டாங்க, பேரைச் சொல்ல அவங்க அனுமதி இல்லை'ங்கறான், பிடிவாதக்காரன்" என்றார் வக்கீல். உன் வளர்ப்பு, அக்கா. மரியாதை தெரிந்த பையன்.

என் நிலையையும் யோசித்துப் பார். இப்போதுள்ள சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேசுபவனிடம் "உனக்கு அவனை எப்படித் தெரியும்?" என்பதுதான் முதல் கேள்வி. நானும் குவாமங்காவில் பிறந்தவன்தான்; தெருவுக்கு அது மறந்துபோயிருக்கிறது.

ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாக்குமூலம் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினேன். நடந்தது அத்தனையும், கமா விடாமல். கையொப்பம் மட்டும் போடவில்லை. நீதிபதிக்கு முகம் வேண்டாமென்றால் சாட்சிக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேன். நியாயம்தானே?

அன்புடன்,
ஒக்தாவியோ

*

லீமா, 1992 டிசம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

என் மூன்று கடிதங்களுக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. மலைப்பாதைத் தபால் மோசம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். இருபது வருஷம். பத்திரிகையில் பெயர்கூட வரவில்லை. அன்று தண்டிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் வந்தது. கமாண்டர் அதைக் கத்தரித்துக் காவலாளி கூண்டில் ஒட்டியிருக்கிறார்.

என் படிப்பறை ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் பூச நேற்று ஆள் வந்தான். கண்ணாடியைப் பொருத்த டெல்ஃபின் வைத்த பட்டிப் பசை காய்ந்து கல்லாகிவிட்டது. கீழ் ஓரத்தில் அவன் கட்டைவிரல் தடம், அழுத்திய இடத்தில் அப்படியே. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், மிகத் தெளிவான ரேகை; எந்த நோட்டரியும் ஏற்பார். "இது மேல பூசிடவா, தோன்?" என்றான். வேண்டாம் என்றேன். ஏனென்று கேட்டான். கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

குழந்தை பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஞானஸ்நானம் எப்போது? கோயில் வாசலில் பிள்ளைகளுக்கு இறைக்கப் புதுக் காசு மாற்றி வைத்திருக்கிறேன். அந்த ஒரு நாளைக்கு மணல்மேட்டுக்கு வருவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. வாக்குக் கொடுத்தவன் நான்.

ஒரு வரி எழுது.

உன் தம்பி,
ஒக்தாவியோ

*

லீமா, 1993 பிப்ரவரி 8

மதிப்பிற்குரிய தோன் ஒக்தாவியோ அவர்களுக்கு,

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தபாலில் குறையில்லை.

டெல்ஃபினின் மகனுக்கு நேற்று மணல்மேட்டுத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. ஞானத்தகப்பனாக நின்றவர் மளிகைக்கடை எலெயுதேரியோ. நவம்பரில் அவர் யாரும் கூப்பிடாமலே கடையைச் சாத்திவிட்டு நீதிமன்றத்துக்குப் போய், "என் கடைக்குப் போன் வந்திச்சு, நான்தான் போயி அவனை எழுப்பினேன்" என்று அந்தக் கறுப்புக் கண்ணாடி முன் சொன்னார். யார் பேசியது என்று கேட்டார்கள். தெரியாது என்றார், தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அவரை இரண்டு வாரம் உள்ளே வைத்துவிட்டு விட்டார்கள். அதனால் தண்டனை குறையவில்லை. குழந்தைக்கு அவர் பெயரை வைத்தோம்.

வந்த இடத்தில் உங்கள் தெருப் பக்கமும் போனேன். இரும்புக் கதவு உயரமாக இருக்கிறது. காவலாளி என் மலைநாட்டுப் பாவாடையையும் தொப்பியையும் பார்த்துவிட்டு, "யாரைப் பார்க்கணும், மாமீ?" என்று கேட்டார். கம்பி வழியாக உங்கள் ஜன்னல் தெரிந்தது. யாரையும் இல்லை என்றேன்.

இன்று பிற்பகல் பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறேன். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் பெயரை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
எர்மெலிந்தா கார்தெனாஸ், மருந்துக்கடை, குவாமங்கா