படத்தில் அத்தை ஏன் இல்லை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி பாதி, சோம்பல் பாதி, மாடிப்படி என்றால் வலிக்கிறது, கடைத்தெரு என்றால் வலிப்பதில்லை. நான் போனில் அனுப்பிய நினைவுக் கூட்டப் படத்தைப் பார்த்துவிட்டு, அத்தை எங்கேம்மா என்று ஒரே வரி கேட்டிருந்தாய். இரண்டு வாரமாக அதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண்ணாடியம்மா போன மாதம் காலமானது உனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பெண்களுக்குச் சங்கம் வைத்ததும், அதிகம் படிக்காத எங்களுக்கும் புரிகிற மாதிரி புத்தகம் எழுதியதும் அவர்தான். பொம்பளைக்கு ஒரு நியாயம், நிறத்துக்கு ஒரு நியாயம்னு ரெண்டு தராசு கிடையாதுடி என்பார். உறவில்லாமலே உனக்கு அத்தையானவளைப் போலக் கறுத்த பெண்களுக்கு ஈரத்துணி மூட்டை தூக்கும் வேலை, நம் நிறத்துக்குத் துணி மடிக்கும் மேசை என்று சூப்பர்வைசர் பிரித்து வைத்திருந்தார். சண்டை போட்டு அதை உடைத்து, அத்தையை என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தியவரும் அவரே. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம், படுக்கை விரிப்பின் இந்த முனை நான், அந்த முனை அவள். நீ என்னிடம் வளர்ந்ததைவிட அவள் இடுப்பில் வளர்ந்ததுதான் அதிகம்.

நினைவுக் கூட்டத்து வேலை முழுக்க என் தலையில். யார் வரவேற்பு, யார் பேச்சு, யார் டீ என்று பட்டியல் போட்டேன். டீக்கு அத்தையையும் சேர்த்து ஆறு பேர் எழுதினேன், ஆறு பேரும் அத்தையின் நிறம். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை, கை தானாக எழுதியது. மேடையேறி அந்தத் தராசுப் பேச்சை நானே பேசினேன், நல்ல கைதட்டல். அத்தையும் டீத்தட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தட்டினாள். முடிந்து எல்லோரும் வரிசையாக நின்றபோது, நீ எடுத்தாத்தான் கோணாம வரும் என்று அவள் கையில் போனைக் கொடுத்தவளும் நான்தான். அங்கே ஆபீசில் நிறத்தைப் பார்த்து ஓரங்கட்டுகிறார்கள் என்று நீ அழுதபோது அவர்கள் குடும்பத்தையே சபித்தேனே, அதே அம்மாதான்.

நீ கேட்ட மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து, இதுல என்ன இருக்கு, நீ மட்டும் புதுசாவா செஞ்சே, பழகிப்போச்சு என்றாள். அந்த வாரமே வேறு ஷிப்டுக்கு மாறிவிட்டாள், ஆறு பேரும் சங்கத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். கமிட்டியில் என் பட்டியலை நானே வாசித்துக் காட்டினேன், டீ கொடுக்கறது என்ன கேவலமா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கண்ணாடியம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியும் ஆயிற்று. இனி இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார். எந்த இடத்திலும் தலை குனியாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அத்தையோடு பேசினால் எனக்காகப் பரிந்து பேசாதே. நீ கேட்டால் உன் முகத்துக்காகச் சரி என்றுவிடுவாள். அப்படிக் கிடைக்கிற மன்னிப்பையும் நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா