உதயகலா மச்சாளின் இறாக்கை

அளவெட்டி
08.07.2025, இரவு

அன்புள்ள மச்சாளுக்கு,

கம்சிகா எழுதுகிறேன். உங்கள் வேலை அறைக்குள் இருந்துதான் எழுதுகிறேன். லைற்றைப் போடப் பயம். அண்ணையின் ரோச் லைற்றை மேசையில் படுக்கவைத்திருக்கிறேன். அம்மா எழும்பி வந்தால் என் கதை முடிந்தது.

இங்கே உங்கள் பெயர் வந்தாலே எல்லோரும் வேறு கதைக்குத் தாவிவிடுகிறார்கள். அம்மாவின் போனில் உங்கள் இலக்கம் இல்லை, எனக்குப் போனும் இல்லை. அதனால்தான் கடிதம். என்னோடு படிக்கிற தனுசியா உங்கள் ஊரில் இருந்துதான் பஸ்ஸில் வருகிறாள். விஞ்ஞானக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவாள். பதிலையும் அவளிடமே கொடுங்கள்.

நீங்கள் ஒரு பையோடு போனீர்கள். ஒரு முழ றிபன்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. நேற்று அம்மா தங்க லேஸைத் தேடி உங்கள் இறாக்கையின் அடுக்கெல்லாம் கிளறினார். கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் நிலத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். இன்றைக்கு எல்லோரும் படுத்த பிறகு நான் வந்து, தடம் பார்த்து ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே அடுக்கினேன். அடுக்கும்போதுதான் பார்த்தேன் மச்சாள், நீங்கள் இந்த அறையை என்னமாதிரி வைத்திருந்திருக்கிறீர்கள். மணிகள் எல்லாம் ஜாம் போத்தலில். ஒவ்வொரு மூடியிலும் உள்ளே இருக்கிற மணி ஒன்று ஒட்டியிருக்கிறது; திறந்து பார்க்கவே தேவையில்லை. றிபன் உருளைகளைச் சைக்கிள் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இழுத்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது. வெல்வெட் துணி அண்ணை கட்டின பழைய சாரத்துக்குள் சுருண்டிருக்கிறது. நான் எத்தனையோ முறை இந்த அறைக்குள் ஓடித் திரிந்திருக்கிறேன். இதையெல்லாம் கவனித்ததே இல்லை.

இதையெல்லாம் கவனிக்கக் கவனிக்க அந்தத் தெல்லிப்பழை மனுசி மேல்தான் கோபம் வருகிறது. மகள் பெரியபிள்ளையானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்கு முதல்நாள், நீங்கள் சோடித்துக் கொடுத்த தட்டுகளைத் திருப்பிக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்துவிட்டு, “புருசன் இல்லாதவளின்ரை கை பட்டதெண்டு முதலே சொல்லியிருக்கலாமே” என்று கேட்டாவே. அது அந்நிய மனுசி. ஆனால் அம்மா உங்களிடம், “கொஞ்ச நாளைக்கு உன்ரை அம்மாவோடை போய் இரு” என்று சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. அண்ணை செத்த பிறகு வந்த தட்டு ஓடர் எல்லாம் நீங்கள் செய்தவை. கடைசிப் பூவை மட்டும் வைத்துவிட்டு, தானே செய்ததாக அம்மா எல்லோருக்கும் சொல்லுவார்.

என் சாமத்தியவீட்டுக்கு நாள் வைத்துவிட்டார்கள். நல்லூர்த் திருவிழா முடிந்து வருகிற ஞாயிறு, ஓகஸ்ட் 24. கனடாப் பெரியம்மா வருவதற்காகத்தானே இவ்வளவு நாளும் தள்ளியது. தட்டுகளைத் தானே செய்வேன் என்று அம்மா நிற்கிறார். எனக்கு உங்கள் தட்டுகள்தான் வேண்டும். அதைவிட நீங்கள் வர வேண்டும். நீங்கள் இல்லாமலே அந்த நாள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. வருவீர்களா?

உங்கள்
கம்சி


பண்டத்தரிப்பு
10.07.2025

அன்புள்ள கம்சிக்கு,

தனுசியாவுக்கு உன்னைவிடப் பயம். என் அம்மா பால் தேத்தண்ணி கொடுத்து, அவள் அதைக் குடித்து முடித்த பிறகுதான் கொப்பியைத் திறந்தாள். கெட்டிக்காரி. அவளை நம்பலாம்.

தங்க லேஸ் தொலையவில்லை. நடு அடுக்கில் பெரிய பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கிறது. வெளியில் கிடந்தால் கறுத்துவிடும். உள்ளே ஒரு சின்னப் பொட்டணம் இருக்கும். அது அரிசி, ஈரத்தை உறிஞ்சத்தான் போட்டேன், எறிந்துவிடாதே. பசைக்குச்சிகள் மூலையில் இருக்கிற மண்பானைக்குள். அந்தத் தகரக் கூரைச் சூட்டுக்கு அவை வளைந்துபோகும். பானையைச் சுற்றி இருக்கிற மணலில் காலையில் ஒரு பேணி தண்ணீர் ஊற்றிவிடு. வெல்வெட்டை மடிக்காதே, சுருட்டிவை. மடித்தால் கோடு விழும், பிறகு எந்த ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் போகாது.

நிலத்தில் கிடந்ததை எல்லாம் நீ அடுக்கினாய் என்ற வரியை இரண்டு தரம் வாசித்தேன். நாளைக்குச் சோதினை இல்லைத்தானே? படு. இரவில் முழித்திருக்காதே.

அம்மாவோடு சண்டை பிடிக்காதே. மாமியும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும், கோயிலுக்குப் போகவேண்டும், அதே சனத்தின் முகத்தில் முழிக்க வேண்டும்.

வருவீர்களா என்று கேட்டாய். போ என்று சொன்ன வீட்டுக்கு, வா என்று யாரும் சொல்லாமல் எப்படி வருவது, குஞ்சு?

அன்புடன்
உதயகலா


அளவெட்டி
18.07.2025, இரவு

அன்புள்ள மச்சாளுக்கு,

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

உங்கள் கடிதம் வந்த அன்று பின்னேரம் அம்மா குசினியில் நின்றபடி, என்னைப் பார்க்காமல், அந்தத் தங்க லேஸ் எங்கே போனதோ என்று கேட்டார். பிஸ்கட் ரின்னுக்குள் என்று சொல்லிவிட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் பசைக்குச்சி எங்கே என்றார். பானைக்குள் என்றேன். பிறகு மயிலிறகைக் கேட்டார். உங்கள் கடிதத்தில் மயிலிறகு இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“தனுசியா நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவாள்தானே?” என்று கேட்டுவிட்டு அம்மா கறியைக் கிண்டத் தொடங்கினார்.

ஏசுவார், கொப்பியைக் கிழிப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்ட பிறகு, “வா, தேடிப் பாப்பம்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போனார்.

மச்சாள், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அடுக்கும்போதே எனக்கு விளங்காமல் இருந்தது. இறாக்கையில் மேல் இரண்டு அடுக்கும் வெறுமை. பழைய பேப்பர் விரித்து அப்படியே கிடக்கிறது. சாமான் எல்லாம் கீழே நெருக்கிக்கொண்டு இருக்கிறது. உங்களுக்கோ வாசல் நிலையில் தலை இடிக்கும். நீங்கள் ஏன் மேல் அடுக்கைப் பாவிக்கவில்லை?

அம்மா மயிலிறகை வேப்பிலைப் பைக்குள் கண்டுபிடித்தார். பிறகு சிவப்பு மணி, பிறகு வெள்ளிச் சரிகை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். திடீரென்று நின்றுவிட்டார். அவரின் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பாதுதானே. தோள்மூட்டுப் பிடித்த நாளில் இருந்து குசினியில்கூட உயரத்தில் இருப்பதை என்னைத்தான் எடுக்கச் சொல்லுவார். இந்த அறையில் ஒரு சாமானுக்குக்கூட அவர் என்னைக் கூப்பிடவில்லை. எல்லாம் அவரின் கைக்குள் இருந்தது.

“இவள் இந்த உயரத்துக்கு, உதெல்லாத்தையும் குனிஞ்சு குனிஞ்செல்லே எடுத்திருக்கிறாள்” என்று சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, இறாக்கையிடம் சொன்னார். பிறகு அங்கிருந்த கதிரையில் இருந்துவிட்டார்.

இன்று பின்னேரம் அம்மா ஒரு தட்டைச் செய்து பார்த்தார். எனக்குக் குறை சொல்ல மனமில்லை. அப்பா பார்த்துவிட்டு, கலியாண வீட்டு லட்டுப் பெட்டி போல இருக்கிறதே என்றார். அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னார்:

“அவளைக் கேட்டுப் பார். அங்கையிருந்து செய்து தரட்டும். அப்பா இருட்டினாப் பிறகு போய் எடுத்துக்கொண்டு வருவார். ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.”

சொன்னதை எழுதிவிட்டேன். எழுதச் சந்தோசமாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. நீங்கள் எழுதுகிற பதிலை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம்.

உங்கள்
கம்சி


பண்டத்தரிப்பு
21.07.2025

அன்புள்ள கம்சிக்கு,

இறாக்கைக் கதையை விடு. எனக்குக் குனிவது ஒரு வேலையா?

மாமி என்னைக் கேட்டது சந்தோசம். நான் தட்டுச் செய்யத் தயார். ஆனால் ஒளித்துச் செய்து தரமாட்டேன்.

மூன்று வருடம் பின்னறையில் இருந்து செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மாமாவின் தோட்டத்து வெங்காயம் விலைபோகாத வருடங்களில் அந்த வேலைதான் எங்களுக்குச் சோறு போட்டது. என் பெயரைச் சொல்லியிருந்தால் ஓடர் வந்திராது. அது மாமிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் வாய் திறக்கவில்லை. வேறு பிள்ளையின் தட்டு என்றால் இன்னும் ஒருமுறை அப்படியே செய்து தந்திருப்பேன். உன்னுடையது என்றபடியால்தான் முடியாது. உன் தலையில் தண்ணீர் வார்க்கிற நாளிலும் என் கையை நான் ஒளித்துவைத்தால், என் கையில் ஏதோ பிழை இருக்கிறது என்று நானே உனக்குச் சொல்லித் தந்ததாகிவிடும்.

நான் செய்வதென்றால் முன்வாசலால் வந்து, ஹோலில் பாய் விரித்து இருந்து செய்வேன். யார் செய்தது என்று கேட்கிறவர்களுக்கு, உதயகலா செய்தாள் என்று மாமி சொல்ல வேண்டும். அது ஏலாது என்றால் சுன்னாகத்தில் கடைகள் இருக்கின்றன. வாங்குங்கள். எனக்கு ஒரு கோபமும் வராது, உனக்கு என் ஆசீர்வாதமும் குறையாது.

இதை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசி. பயப்படாதே.

அன்புடன்
உதயகலா


அளவெட்டி
30.07.2025

அன்புள்ள மச்சாளுக்கு,

மாற்றாமல் வாசித்தேன். ‘முன்வாசலால்’ என்ற இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தேன். “வாசி” என்றார் அம்மா. முடித்தேன். அவர் எழும்பிப் போய்க் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கத் தொடங்கினார். தோய்த்துக் காயப்போட்டதையே எடுத்துத் திரும்பத் தோய்க்கிறார் என்று அப்பா வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை ஓடிவிட்டது. அம்மா சுன்னாகத்துக்குப் போய்க் கடைத் தட்டுகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். நீங்கள் இனி இந்த வீட்டுப்பக்கம் வரமாட்டீர்கள் என்றே நினைத்துவிட்டேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பானைக்குத் தண்ணீர் ஊற்றுவேன், றிபனில் தூசு தட்டுவேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று இரவு பெரியம்மா கனடாவில் இருந்து வீடியோவில் கதைத்தார். சேலை காட்டினார், நகை காட்டினார். பிறகு தட்டு யார் செய்கிறது என்று கேட்டார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். எழும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

“உதயகலா” என்றார் அம்மா.

பெரியம்மாவுக்கு முதலில் யார் என்று பிடிபடவில்லை.

“என்ரை மருமகள். மயூரதன்ரை மனுசி. இவ்வளவு நாளும் அவள்தான் செய்தவள். நான் செய்தனான் எண்டு சொன்னது பொய்.”

பெரியம்மா குரலைத் தாழ்த்தி, நல்ல காரியத்தில் இப்படி எல்லாம் செய்யலாமா, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்றென்றால் என்று தொடங்கினார். அம்மா முழுவதும் கேட்டார். இடையில் பாயவில்லை.

“நல்ல காரியம் எண்டபடியால்தான் அக்கா அவளைக் கேக்கிறன். உங்களுக்கு மனமில்லாட்டில் தட்டுத் தூக்க வேண்டாம். வந்து சாப்பிடுங்கோ.”

பெரியம்மா போனை வைத்துவிட்டார். இன்று முழுக்க எடுக்கவில்லை. அம்மா இரண்டு மூன்று தரம் போனைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். பெரியம்மா வராமலும் விடலாம் என்று அப்பா சொல்லுகிறார். வராவிட்டால் அம்மா நிச்சயம் அழுவார், எனக்குத் தெரியும். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கமாட்டார்.

மச்சாள், எங்கள் அம்மாவை நான் பயந்தே பார்த்துப் பழகினவள். நேற்று அவர் கதைத்துக்கொண்டு இருக்க, அந்தப் போன் வெளிச்சத்தில் அவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். உங்களைப் பற்றி நினைக்கிறமாதிரியே அவரைப் பற்றியும் நினைக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் ஓட்டோவில் உங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நானும் வருகிறேன். கூட்டிக்கொண்டு வரத்தான். நீங்கள் வரமாட்டேன் என்றாலும் அது உங்களுக்கு நியாயம்தான் என்று அம்மாவே சொன்னார்.

சற்று முன்னர் அரிசி களைந்துகொண்டு நின்றவர் என்னைக் கேட்டார்: “போய் நிண்டு முதல் என்ன சொல்லுறது பிள்ளை?”

தெரியாது என்றேன்.

“அப்ப நான் படலை வாசலிலை சும்மா நிக்கிறன்” என்றார். “அவள் வாங்கோ எண்டு சொல்லுவாள்தானே?”

சொல்லுவீர்கள்தானே, மச்சாள்?

உங்கள்
கம்சி