கோமாரியில் எனக்கு ஓதிய கத்தம்

அன்பு மகள் நப்லாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயில் உங்களை அதிகம் வாட்டாமல் நீயும் மருமகன் இன்பாஸும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே நான் சுகம், வாப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய், சிரி. போனில் நீ கதைக்கும் நேரமெல்லாம் வாப்பா பக்கத்தில் இருந்து காதை நீட்டிக்கொண்டிருக்கிறார், பக்கத்து வீட்டு ஹாஜறா வேறு வந்து உன் முகத்தைப் பார்க்கக் குந்திவிடுகிறாள், அவர்களுக்கு முன்னால் நீ ஒபரேசன் எப்படி உம்மா என்று கேட்டால் நல்லம் மகள் என்பதைத் தவிர நான் என்னத்தைச் சொல்ல. வருகிற மாதம் பதினாலாம் திகதி உனக்கும் அதே ஒபரேசன், இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கப் போகிறார்கள், உண்மையைச் சொல்லுங்க உம்மா, செய்யவா வேணாமா என்று நீ மூன்று தரம் கேட்டுவிட்டாய். நம் ஒழுங்கை றாஸிக் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைத் தந்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசி.

முதலில் சாப்பாட்டைச் சொல்கிறேன். ஒரு நேரத்துக்கு மூன்று கரண்டிச் சோறு, அதையும் மாவாகும் வரைக்கும் மென்று விழுங்க வேண்டும், அதோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, இனிப்பில் ஒரு வாய் வைத்தால் உடம்பெல்லாம் வியர்த்து நெஞ்சு அடித்துக்கொண்டு பாயில் விழுத்திவிடும். முன்பெல்லாம் கலியாண வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு சஹன் வைத்தால் என்னோடு ஒரே தட்டில் கைபோட ஒருத்தியும் வரமாட்டாள், இப்போது என் பங்கு இறைச்சி மிஞ்சும் என்று என் சஹனுக்கு அடிபடுகிறார்கள், அது ஒரு வேடிக்கை. நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்தவள் அறுபத்தாறுக்கு வந்துவிட்டேன், சீனி வருத்தம் போய்விட்டது, கதிரையில் இருந்து தொழுதவள் இப்போது நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்கிறேன், அந்த ஒன்றுக்கே ஆயிரம் தரம் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மகள், கல்முனை வெயிலில் எனக்குக் குளிர்கிறது. கதவால் போகும்போது இன்னும் பக்கவாட்டாகத் திரும்பித்தான் போகிறேன். கட்டிலில் என் பக்கத்துப் பள்ளம் அப்படியே இருக்கிறது, அதன் விளிம்பில் படுத்தால் யாரோ ஏற்கெனவே படுத்திருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பது போல இருக்கிறது.

நீ சொன்னதற்காகவும் சீனி வருத்தத்துக்காகவும்தான் நான் ஒபரேசனுக்குச் சம்மதித்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது இல்லை. நம் ஒழுங்கையில் ஒரு பருத்த மனிசி மௌத்தாகிப் போனபோது நான் குசினி ஜன்னலுக்கு உள்ளே நின்றேன், வெளியே உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க நின்ற இரண்டு ஆண்கள் இதுக்கு எட்டுப் பேர் காணாது என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அன்றைக்கு என் ஜனாஸாவை நான் கண்ணால் கண்டேன். அந்தப் பயத்துக்குத்தான் கத்திக்குக் கீழே படுத்தேன், இதை உன் வாப்பாவுக்கும் சொல்லவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒபரேசன் முடிந்து எட்டாம் மாதம் என் பழைய உடுப்பு ஒன்றும் உடம்பில் நிற்கவில்லை. கோமாரியில் இருந்து மாதம் ஒருக்கால் நமக்குத் தேங்காய் கொண்டு வரும் கச்சிமுகம்மது காக்காவிடம் யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன், தன் ஊரில் ஒரு கைம்பெண் இருக்கிறாள், நல்ல பெரிய உடம்பு, உடுக்கத்தான் துணி இல்லை என்று சொன்னார். நான் என் சட்டைகள், அந்தப் பழுப்பு அபாயா, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தேன். பை ஒன்றும் கைக்கு வரவில்லை, பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டினேன். அலுமாரிக்குள் கிடந்த மணம், துவைக்கவும் சோம்பல், அதனால் கொஞ்சம் அத்தர் தெளித்தேன். அன்றைக்கு வியாழக்கிழமை வேறு. வெள்ளைத் துணி, அத்தர், ஒரு மனிசியின் உடுப்பு முழுக்க ஒரே மூட்டையில், அதுவும் வெளியூருக்கு. நம் பகுதியில் ஆள் மௌத்தானால்தான் அப்படிக் கொடுப்பார்கள் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அந்த நேரம் புத்தியில் படவில்லை. கச்சிமுகம்மது காக்காவோ கேட்டால் மட்டும் வாய் திறக்கிற ஆள், கல்முனை ஸுஹைறாவின் உடுப்பு என்று என் பெயரை மட்டும் சொல்லி இறக்கிவிட்டு வந்திருக்கிறார், அவளும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு, மாமாவின் மகன் றிஸ்வானின் நிக்காஹ்வுக்கு முதல் நாள் நானும் வாப்பாவும் சாரம் வாங்க மருதமுனைக்குப் போனோம். கடைக்காரன் மிச்சம் தர உள்ளே போனான், நான் வாசலில் நின்றேன், வாப்பா மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி என்னை ஏற்றாமலே போய்விட்டார். நான் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால், மனிசன் முற்றத்தில் சைக்கிளை நிறுத்திக் காலூன்றி, முகத்தைத் திருப்பாமல், இறங்கன் புள்ள, முழங்கால் நோகுது என்று பின்சீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னை வாசலில் கண்டதும் அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நீ ஏறினாயே, பின்சில்லு அமிழ்ந்ததே, பாண்டிருப்பு வரைக்கும் உன்னோடு கதைத்துக்கொண்டுதானே வந்தேன் என்று சத்தியம் பண்ணுகிறார். நான் இப்போது ஏறினால் சில்லு அமிழ்வதில்லை மகள். அது முன்னைய கதை. வயசு போய்விட்டது உங்களுக்கு என்று கேலி பண்ணிவிட்டு உள்ளே போனேன், ஆனால் அந்தப் பின்சீட்டைத் துடைக்காமல் அவரை உள்ளே வர விடவில்லை, ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதே.

அதற்குப் பிறகு ஹாஜறா ஒரு நாள் வந்து கோபித்தாள், அக்கரைப்பற்றுச் சந்தையில் உன்னைக் கண்டு கூப்பிட்டேன், திரும்பியும் பார்க்காமல் போகிறாய், மெலிந்ததும் பெருமை வந்துவிட்டதோ என்றாள். அன்று நான் வீட்டை விட்டு வெளியே போகவே இல்லை. மெலிந்த என்னையா கண்டாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். இல்லை, பழுப்பு அபாயாவில் பழைய மாதிரித்தான் போனாய் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

உடம்புதான் சரியாகிவிட்டதே, அந்த உடைந்த முன்பல்லையும் கட்டிவிடுங்க உம்மா என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா, சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்து பாதி போன பல். அதற்காகப் போன மாதம் அக்கரைப்பற்றுக்குப் பல் டொக்டரிடம் போனேன். பஸ்ஸில் இருந்து இறங்கி நடக்கிறேன், பகல் பதினொரு மணி, நல்ல சனம், எனக்கு முன்னால் நான் போகிறேன். என் முதுகு. வலது தோளில் கிழிந்த இடத்தில் கறுப்பு நூலால் நான் தைத்த தையல், என் அகலம், கால் நோவுக்கு ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற அதே நடை. ஐம்பது வருடம் வாழ்ந்தாலும் ஒருவரும் தன் முதுகைத் தான் பார்ப்பதில்லை, நான் பார்த்தேன். விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், ஆனால் அது என்னை விட்டுத் தூரப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, பின்னாலேயே போனேன். கோமாரிப் பக்கம் போகும் பஸ் நிற்கும் இடத்தில் அது பெஞ்சில் இருந்தது, திரும்பிப் பார்த்தது, வேறு முகம். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

சுபைறா என்று பெயர், கச்சிமுகம்மது காக்கா சொன்ன கைம்பெண் அவள்தான். ஹாஜறா கண்டதும் அவளைத்தான் என்று விளங்கியது. நான் பக்கத்தில் இருந்து அபாயா நல்லாயிருக்கு என்று சிரித்து மெல்லக் கதை கொடுத்தேன். அவள் அதைத் தடவிக்கொண்டு, இது ஒரு மௌத்தான பொம்புளையின் உடுப்பு ராத்தா, கல்முனை ஆள், ஸுஹைறா என்று பெயர் என்றாள். உடுப்பு வந்த இரவில் இருந்து நாற்பது நாளும் அந்த மனிசிக்கு யாஸீன் ஓதினாளாம், நாற்பதாம் நாள் பாற்சோறு ஆக்கி ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக் கத்தமும் ஓதி முடித்தாளாம். பெரிய உடம்பு ராத்தா, என்னைப் போல, மண்ணுக்குள்ளே நெருக்கமா இருக்குமே என்று அவட கப்றை விசாலமாக்கி வை ரப்பே என்றுதான் எந்த நாளும் கேட்பேன் என்றாள். நீங்க அவக்கு என்ன முறை என்று கேட்டாள். என் வாயில் தங்கச்சி என்று வந்துவிட்டது. அப்படியென்றால் உங்களிடம் தர ஒரு அமானிதம் இருக்கு, வீட்டுக்கு வாங்க என்று சொல்லி பஸ் ஏறிப் போனாள். நான் பல் டொக்டரிடம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கலண்டரை எடுத்தேன். தேங்காய் வந்த நாளை வாப்பா எப்போதும் வட்டம் போட்டு வைப்பார். அந்த வியாழக்கிழமையில் இருந்து விரல் வைத்து எண்ணினேன், இரண்டு தரம் எண்ணினேன். நாற்பதாம் நாள் றிஸ்வானின் நிக்காஹ்வுக்கு முதல் நாள். கோமாரியில் எனக்குக் கத்தம் ஓதிய அன்று உன் வாப்பா பின்சீட்டில் ஒருத்தியை வைத்துக் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். இதற்கு எனக்கு விளக்கம் தெரியாது, பள்ளிவாசல் ஹசரத்திடம் கேட்கவும் பயம். ஒரு கிழமை என் பெயரை யார் கூப்பிட்டாலும் உடனே திரும்ப மாட்டேன், என்னைத்தான் கூப்பிடுகிறார்களா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பேன்.

போன வியாழன் பொறுக்கமாட்டாமல் கோமாரிக்குப் போனேன், நான் உசிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று. தகர வீடு, கூட்டித் துப்புரவாக இருந்தது. அவள் பழுப்பு அபாயாவோடு சஹன் தட்டில் சோறு போட்டு எதிரில் இருந்தாள், ஒரே தட்டில் அவள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நான் மூன்று பிடி தின்றேன், மிச்சத்தை அவள் தின்றாள், தட்டு காலியானது. பிறகு ஒரு போத்தலைக் கொண்டு வந்து வைத்தாள். அதில் போட்டிருந்தது அபாயாவின் பைக்குள் இருந்ததாம், வாரிசுக்குச் சேர வேண்டிய பொருள் என்று எறும்பு படாமல் வைத்திருக்கிறாள். உள்ளே சொப்பின் பையில் சுற்றிய பாதிப் பால் டொபி. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒபரேசனுக்குக் கொழும்புக்குப் போகும்போது வேனில் களவாகக் கடித்தேன், வாப்பா திரும்பிப் பார்த்ததும் பைக்குள் ஒளித்தேன், அதோடு மறந்துபோனேன். கல்லாகிக் கிடந்தது, கடித்த தடம் அப்படியே இருந்தது, நடுவில் பாதிப் பல்லின் தடம். நான் வாயைத் திறந்து, சுபைறா, மௌத்தானது என் ராத்தா இல்லை என்று தொடங்கினேன்.

அவள் என்னைச் சொல்லி முடிக்க விடவில்லை. “தெரியும் ராத்தா. அண்டைக்கு பஸ்ஸடியில நீங்க சிரிச்சீங்க, அப்பவே கண்டன். உடம்பு மெலியும், பல்லு மெலியுமா.”

பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் ஓதுகிறாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். “நீங்க இருக்கீங்க, அவ போயிட்டாதானே. அவக்கு அழுறதுக்கு ஒரு ஆளும் இல்லயே ராத்தா.”

அந்தப் பாதி டொபியை எடுத்து வாயில் வைத்தேன் மகள், வைக்கக் கூடாது என்று தெரியும். கரையக் கரைய வியர்த்தது, நெஞ்சு அடித்தது, கண் இருண்டது. சாய்ந்துவிட்டேன், சுபைறா என் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்து ஓலை விசிறியால் வீசினாள். கண் திறந்தால் பழுப்பு அபாயா, அந்தச் சூடு, அந்த மெத்தென்ற மடி. அது நீயும் படுத்த மடி. என் தலையை நானே மடியில் வைத்திருந்தேன். பயம் ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது. உன்னைப் பத்து மாதம் சுமந்தவள், உன் வாப்பாவுக்கு முப்பது வருடம் சோறு போட்டவள், அவளை நான் வெட்கப்பட்டு வெட்கப்பட்டே அனுப்பிவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மௌத்தானவர்களுக்குச் சொல்லும் இன்னாலில்லாஹ்வை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், செய் மகள், பயப்படாதே, சுஜூது உனக்கும் கிடைக்கட்டும். பல்லை நான் கட்டப் போவதில்லை, கோபிக்காதே. இரும்புக் குளிசையும் விற்றமினும் தவறாமல் போட வேண்டி வரும், இப்போதே பழகிக்கொள். பழைய உடுப்பைக் கொடுப்பதென்றால் துவைத்து, பைகளைப் பார்த்து, உசிரோடு இருக்கிறவளின் உடுப்பு என்று சொல்லிக் கொடு. ஆனால் பதினாலாம் திகதி உள்ளே போகிறவள் திரும்பி வரமாட்டாள் என்பதைத் தெரிந்துகொண்டு போ. அவளைத்தான் நான் பெற்றேன், அவளைத்தான் எனக்குத் தெரியும். அதனால் பதின்மூன்றாம் திகதி அசர் தொழுகைக்குப் பிறகு போன் எடு, வாப்பாவையும் ஹாஜறாவையும் வெளியே அனுப்பிவிடுகிறேன். போனைத் தூரமாக வைத்து முழு உருவமும் தெரிய நில், பக்கவாட்டாகத் திரும்பி ஒளிக்காதே. ஒரு வார்த்தையும் கதைக்க வேண்டாம், நான் அவளை ஒரு தரம் கண் நிறையப் பார்த்துக்கொள்கிறேன்.

அல்லாஹ் உனக்கு ஆபியத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், டொக்டரின் கையை நேராக்கி வைக்கட்டும், மருமகனுக்கு சலாம் சொல். வாசித்ததும் இதைக் கிழித்துவிடு, உன் வாப்பாவுக்குத் தெரிந்தால் பயத்தில் சைக்கிளைத் தொடமாட்டார், மனிசன் சாகும் வரைக்கும் மோட்டார் சைக்கிள் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
உசிரோடு இருக்கும் உன் உம்மா
அ. க. ஸுஹைறா
கல்முனை