கூவாத சேவல்

அன்பு மகளே,

பாகலூரில் இப்போது பனி. விடிகாலையில் கம்பெனி பஸ்கள் வெறும் வெளிச்சமாக மிதந்து போகின்றன.

நீ வளர்த்த சேவல் நன்றாக இருக்கிறது. செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் திரும்பும் பக்கத்து வீட்டு மஞ்சுளா, "விடியறதுக்கு முன்னயே கூவுது, தூக்கமே இல்ல. வித்துடுங்கண்ணா" என்று அப்பாவிடம் சொன்னாள். நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து அவர் உன் பேச்சையே எடுப்பதில்லை. விற்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவரோ, அது கழுத்தை நீட்டிக் கூவ முடியாதபடி தாழ்வான மரப்பெட்டி செய்து, இரவில் தன் கட்டிலருகே வைத்துக்கொள்கிறார். விடியலில் அது உள்ளே மெல்ல முனகும். அவரும் பதிலுக்கு ஏதோ முணுமுணுப்பார். கனவில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

நேற்று மஞ்சுளா, "சத்தமே காணோமே, வித்துட்டீங்களாண்ணா?" என்றாள்.

"இல்லம்மா, இருக்குது" என்றார் அப்பா. "பாப்பா வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

உன்
அம்மா