ஏழாம் எண் படம்

தை 10, சனி

காலையில் மூடுபனி. எதிர்வீட்டு வைக்கோல்போர் கூடத் தெரியவில்லை. எட்டு மணி பஸ்ஸில் கும்பகோணம். ஹாஜா பாய் ஸ்டூடியோவுக்கு இது ஐந்தாவது படையெடுப்பு. இன்றும் எந்தக் கேமரா என்று முடிவு செய்யாமல் திரும்பினால் அந்த மனிதர் முகத்தில் இனி விழிக்க முடியாது.

சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் விற்றுவிட்டுப் போனவை மூன்று.

பெட்டி கேமரா: அமுக்கினால் போதும். கெட்டுப்போக எதுவும் இல்லை, கற்றுக்கொள்ளவும் எதுவும் இல்லை.

இரட்டைக் கண் கேமரா: அழகு. ஃபிலிமைச் சுற்றாமல் அடுத்த படம் எடுக்கவே விடாதாம். ஆனால் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்குள் எப்படி நடப்பது?

மடக்குக் கேமரா: துருத்தி மாதிரி விரியும். மடக்கினால் ஜோல்னாப் பையில் அடங்கும். வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் நாமே வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது. காரணம் எழுத வெட்கம். ஒளித்து வைக்கலாம் என்பதுதான்.

ஹாஜா பாய் சொன்னது: "சார், இதுல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. அமுக்குனதும் உடனே சுத்திடுங்க. அப்புறம் சுத்திக்கலாம்னு விட்டீங்க, ஒரு படத்து மேலயே இன்னொண்ணு விழுந்துடும். பின்னாடி செவப்புக் கண்ணாடியில நம்பர் தெரியுது பாருங்க, அதை விடாதீங்க."

பஸ்ஸில் வரும்போது மனசெல்லாம் இரட்டைக் கண்ணிலேயே.

வீட்டில் கமலா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பெரிய வீட்டுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். பெரிய வீட்டுக்காரர்தான் எங்கள் பள்ளித் தாளாளர். சம்பளத்துக்குச் சர்க்கார் மானியம் தந்தாலும் வேலையில் வைப்பதும் எடுப்பதும் அவர் கையில். ஊர் நிலத்திலும் பாதி அவருடையது. இந்த நோட்டில் இனி பெ.வீ. என்றே எழுத வேண்டும். யாராவது எடுத்துப் படித்தால்?

தை 11, ஞாயிறு

தாராசுரம். சைக்கிளில் போய்வந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. கல் சக்கரம் 3 படம். தூண் 4. படிக்கட்டில் ஆடு 1 (அதுவாக வந்து நின்றது). மீதி என்னவென்று ஞாபகமில்லை. இனி ஒவ்வொன்றுக்கும் எண், நாள், நேரம், இடம் குறித்து வைக்க வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு.

வாரப் பத்திரிகையில் புகைப்படப் போட்டி. பங்குனி கடைசிக்குள் அனுப்ப வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

தை 20, செவ்வாய்

மாலை நாலரைக்குப் பள்ளிவிட்டு நேரே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மாரிமுத்துவின் களம். பெ.வீ. நிலத்தை அப்பா காலத்திலிருந்து வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, செய்கிறவர். இன்று நெல் அளப்பு. தூசியும் சாய்ந்த வெயிலுமாக, அவர் மனைவி அஞ்சலை முறத்தை ஓங்கும்போதெல்லாம் பொன்னாகக் கொட்டுகிறது. இதை விட்டால் அடுத்த அறுப்புக்குத்தான்.

பெ.வீ. காரியக்காரர் நாகலிங்கம் குத்துக்காலிட்டு மரக்காலால் அளந்துகொண்டிருந்தார். "லாபம்... ரெண்டு... மூணு..." ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். மாரிமுத்து சாக்கைப் பிடித்தபடி. பின்னால் இரண்டு குவியல், பெ.வீ. பங்கு ஒன்று, மாரிமுத்து பங்கு ஒன்று. இரண்டின் மேலும், யாரும் கை வைக்காமலிருக்க, சாம்பல் குறி. கூலி ஆள் அறுத்த களமாக இருந்தால் ஒரே குவியல்தான் இருக்கும், அதிலிருந்து கூலி மரக்கால்.

புது ரோலில் எண் 7. அமுக்கினேன்.

அதே நொடி முதுகுப் பக்கம் பெரிய வீட்டு வண்டிக்காரர். "வாத்தியாரய்யா, ஐயா ஒங்களைக் கையோட கூட்டியாரச் சொன்னாங்க."

கேமராவை மடக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட்டம். போனால், பெ.வீ. பட்டுக்கரை வேட்டியில், தாழ்வாரத்து நாற்காலியில். "கேமரா வாங்கியிருக்கீங்களாமே வாத்தியாரே. இன்னிக்கு எனக்குப் பொறந்த நாளு. ஒண்ணு புடிங்க பாப்போம்." இவ்வளவுதானா! உயிர் திரும்பி வந்தது. எடுத்தேன். மோர் கொடுத்தார்கள்.

தை 23, வெள்ளி

ரோல் முடிந்துவிட்டது. நோட்டில் 13 வரி. ஃபிலிமில் 12 படம்தான். மூன்று முறை எண்ணிவிட்டேன். எங்கோ ஒரு இடத்தில் சுற்றவில்லை. எங்கே என்று தெரியும், எழுதப் பயமாக இருக்கிறது.

தை 24, சனி

ஹாஜா பாய் ஈரக் கையோடு வெளியே வந்தார். "சார், ஒரே ஃபிலிம்ல ரெண்டு விழுந்திருக்கு. ஆனா சும்மா சொல்லக்கூடாது, தெளிவா விழுந்திருக்கு."

இருட்டான தாழ்வாரத்துக்குள் களம் அப்படியே. நாகலிங்கம், மரக்கால், மாரிமுத்து, முறத்தோடு அஞ்சலை, இரண்டு குவியல், சாம்பல் குறி கூடத் தெரிகிறது. வைக்கோல்போரின் நிழலில் பெ.வீ. முகமும் வேட்டியும். குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி.

பிரதி ஒன்று போடச் சொன்னேன். கிழித்தெறியத்தான் நினைத்தேன். இது என் நல்ல படம். அதுதான் கஷ்டம்.

மாசி 4, திங்கள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. டீக்கடையில் ஒரே பேச்சு. சாகுபடி செய்கிறவர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றப்போகிறார்கள். ஏறிவிட்டால் நிலத்திலிருந்து யாரும் கிளப்ப முடியாது. ஆளுங்கட்சிக் கரைத்துண்டுக்காரர்கள் எங்கள் சட்டம் என்கிறார்கள், சிவப்புத் துண்டுக்காரர்கள் நாங்கள் அடிபட்டு வாங்கியது என்கிறார்கள். பெ.வீ. தரப்பு: போன வருஷமே நிலம் சொந்தச் சாகுபடிக்கு வந்தாயிற்று, மாரிமுத்து இந்த அறுப்பில் வெறும் கூலி ஆள்.

மத்தியான மணியடித்ததும் மாரிமுத்து பள்ளி வேலியோரம் வந்து நின்றார். துண்டு இடுப்பில்.

"சார், அன்னிக்குக் களத்துல போட்டா புடிச்சீங்களே, அது இருக்குங்களா? எங்கிட்ட ஒரு துண்டுச்சீட்டு கெடையாது. எங்கப்பாரு காலத்துலேர்ந்து வாய்ப்பேச்சுதான். பேரு ஏறலைன்னா ஆடிக்கு வயல்ல எறங்க விடமாட்டாங்க."

"வீணாப் போச்சு மாரிமுத்து. வெளிச்சம் பத்தலை."

"அப்படிங்களா. பரவால்லீங்க சார்."

பொய். எனக்கே காது சுட்டது.

மாசி 7, வியாழன்

பெ.வீ.: "என் படம் எங்க வாத்தியாரே?" அவருக்கும் அதே பொய். மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றேன். "அன்னிக்கு மாதிரி வராது," என்றார். முகம் சுருங்கிப்போயிற்று. பாவமாகக்கூட இருந்தது.

வாசல்வரை நாகலிங்கம் கூடவே வந்தார். "களத்துலயும் என்னமோ புடிச்சீங்கன்னு வண்டிக்காரன் சொன்னான். வீணாப் போனா என்ன, அந்த ஃபிலிமை இங்க குடுத்துடுங்க. நாலு வருஷமா நல்லபடியா வேலை பாக்குறீங்க, எதுக்குச் சொல்றேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடவே வேண்டாம். அரிசி டின்னுக்குள் இருக்கிறது. அரிசியில் ஈரம் ஏறினால் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளுமோ? சர்க்கரை டப்பாவுக்கு மாற்றினேன். எறும்பு. பீரோ மேலே வைத்தேன்.

மாசி 10, ஞாயிறு

செய்யக்கூடியவை:
ஃபிலிமைக் கொளுத்திவிடலாம். (தீப்பெட்டி எடுத்தேன். வைத்துவிட்டேன்.)
நாகலிங்கத்திடம் கொடுக்கலாம்.
மாரிமுத்துவிடம் கொடுக்கலாம். வேலை போகும். வேறு பள்ளியில் யார் சேர்ப்பார்கள்?
வியாழக்கிழமை தாசில்தார் விசாரணைக்கு வருகிறாராம், அன்று ஜுரம் என்று படுத்துக்கொள்ளலாம்.

கமலாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அஞ்சலை நல்லா விழுந்திருக்கா," என்றாள். பிறகு, "வேலை போனா எங்க அண்ணன் ஊருக்குப் போயி டியூஷன் எடுங்க. ஆனா இப்படி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு அலையாதீங்க. பாக்க முடியல என்னால."

அவள் அண்ணன் என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது.

மாசி 14, வியாழன்

விசாரணை இங்கே, என் பள்ளிக்கூடத்திலேயே. தாசில்தாருக்கு என் மேஜை. பெ.வீ.க்கு என் நாற்காலி. நான் கதவோரம். மாரிமுத்துவும் அஞ்சலையும் கரும்பலகைக்குக் கீழே நின்றார்கள். காலையில் புறப்படும்போது படத்தைச் சட்டைப்பையிலும் எண் குறித்த நோட்டை ஜோல்னாப் பையிலும் வைத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. வீட்டில் விட்டுவரவும் பயம்.

நாகலிங்கம் கணீரென்று சொன்னார். "இந்த வருஷம் சொந்தச் சாகுபடிங்க. களத்துல ஒரே குவியல். இவனுக்குக் கூலி அளந்தேன், அவ்ளோதான்."

மாரிமுத்து: "ரெண்டு குவியல் வச்சு வாரம் அளந்தாங்க. சார் அன்னிக்கு அங்கதான் நின்னாங்க."

தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "வாத்தியார் பாத்தீங்களா?"

நிஜமாகவே பேச வரவில்லை. அதனால்தான் சட்டைப்பைக்குள் கைவிட்டுப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பேசுவதைவிட அது சுலபம்.

தாசில்தார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். சிரித்துவிட்டார். "என்னங்க இது? குவியலுக்குப் பக்கத்துல ஐயாவே நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு இருக்கீங்களே!"

பெ.வீ. படத்தை வாங்கிப் பார்த்தார். துள்ளி எழுந்தார். "பொய்! நான் அந்தக் களத்துப் பக்கமே போகலை. தை இருபது எனக்குப் பொறந்த நாளு. அன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டுத் தாழ்வாரத்துல உக்காந்திருந்தேன். இந்த ஆளுதான் வந்து புடிச்சாரு. இது ஏதோ பழைய வருஷத்துக் களத்தை ஒட்டவச்ச வேலை. கேளுங்க அவரை!"

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தாசில்தார் பார்த்தது பார்த்ததாகவே இருந்திருக்கும். ஆனால் பெ.வீ. களத்துக்கு வரவில்லை. அதுவும் உண்மைதானே.

"ஆமாங்க. ஐயா சொல்றது நெசம். வீட்டுலதான் புடிச்சேன்."

மாரிமுத்து தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

"ஒட்டலீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "ஒட்டலீங்க. களத்துல ஒண்ணு எடுத்தேன். எடுத்ததும் ஃபிலிமைச் சுத்தணும். ஐயா கூப்பிடுறாங்கன்னு ஆள் வந்துச்சு, பயத்துல மறந்துட்டேன். நேரா அங்க போயி அமுக்குனதுல அது மேலயே ஐயா விழுந்துட்டாங்க. நடுவுல வேற படமே கெடையாதுங்க. இதோ நோட்டு."

தாசில்தார் நோட்டைப் பார்த்தார். ஏழாம் எண்: தை 20, மாலை 4.40, மாரிமுத்து களம், அளப்பு. அடுத்த வரி: அன்றே, மாலை 5, பெ.வீ. பெ.வீ. என்றால் யார் என்று நல்லவேளையாகக் கேட்கவில்லை. மேலே ஓடு சடசடத்தது. அணில்.

"அப்ப இந்தக் களமும் இந்த வருஷம், தை இருபது."

"ஆமாங்க."

"தேதியை ஐயாவே சொல்லிட்டாங்க." பேனாவைத் திறந்தார். "நாகலிங்கம், குவியல் எத்தனைன்னு சொன்னீங்க?"

நாகலிங்கம் பெ.வீ. முகத்தைப் பார்த்தார். தாசில்தார் எழுதிக்கொண்டே இருந்தார். உத்தரவு பின்னால் வருமாம். எழுதியதை அவர் வாசித்துக் காட்டியதில் "வாரம் பயிரிடுபவர் மாரிமுத்து" என்று காதில் விழுந்தது. படத்தை ஃபைலில் சேர்த்துக் கட்டிவிட்டார். போட்டிக்கு அனுப்ப இன்னொரு பிரதி போட வேண்டும். இந்த நேரத்தில் அந்த நினைப்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் வாந்தி. கமலா சுக்குத் தண்ணீர் வைத்தாள்.

மாசி 18, திங்கள்

காலையிலேயே புழுக்கம். முதல் பீரியடில் மெமோ. தாளாளர் கையெழுத்து, முத்திரை. பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம், மூன்று நாளில் விளக்கம். மூன்று முறை படித்தேன். பையன்களுக்குப் பெருக்கல் வாய்பாடு எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மெமோ கொண்டுவந்த நாகலிங்கம் போகவில்லை. கதவோரம், அன்று நான் நின்ற இடத்தில் நின்றார். கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகும் நின்றார்.

"வேற ஏதாவது உண்டா?"

"இல்ல..." குரலைத் தாழ்த்தினார். "ஐயா கேட்டு வரச் சொன்னாங்க. அந்தப் படத்துல அவங்க மொகம் நல்லா விழுந்திருக்காம். களம், குவியல், மாரிமுத்து எல்லாத்தையும் எடுத்துட்டு, அவங்களை மட்டும் தனியா போட்டுத் தர முடியுமான்னு."

"வராதுங்க," என்றேன்.