ஆளுக்கு ஒரு காது

மாமா,

இன்று காலை ஆபீஸ் மீட்டிங் தொடங்குகிற நேரம் பார்த்து என் ஹெட்செட் உயிரை விட்டுவிட்டது. மானிட்டரில் தொங்கிக்கொண்டிருந்த பழைய இயர்போனைக் கழற்றலாம் என்று பின்பக்கமாகக் கையை விட்டேன். விரலில் சூடு பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அந்தக் கறுப்பு டப்பா, டிவி கேமுக்காக வாங்கிய நம் கன்வெர்ட்டர். மானிட்டரின் யு.எஸ்.பி.யில் செருகியது செருகியபடியே இருந்திருக்கிறது. நீங்கள் போய், காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் கலைந்த பிறகும், வராத படத்துக்காக அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. மீட்டிங்கில் யார் என்ன பேசினார்கள் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

உங்களுக்கு நான் முதலில் ‘அது’. ஞாபகம் இருக்கிறதா? உங்களைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு செலியமேட்டுக்கு வந்த வில்லியனூர்க்காரி, அதிலும் மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். அத்தை உயிரோடு இருந்திருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டுச் சோறு போட்டிருப்பார் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். உங்கள் மகனுக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்பிவிடுவார். அப்பாவைத் தனியாக விடக் கூடாது என்று, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற என்னை இங்கே வைத்துவிட்டுப் போனார். ஆக, வாரம் முழுக்க இந்த வீட்டில் நீங்களும் நானும் மட்டும்தான்.

“வெயில் ஏறிப்போச்சி, துணி காஞ்சிருக்கும்” என்று முருங்கை மரத்திடம் சொல்வீர்கள். நான் மட்டும் சளைத்தவளா? “மோரு மூடி வெச்சிருக்குது” என்று ஃப்ரிட்ஜிடம் சொல்லிவிட்டு என் அறைக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை வந்தால் உங்கள் மகன் நடுவில் நிற்பார். “நாளைக்கு மீனா கறியான்னு அதுகிட்ட கேளு” என்பீர்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பேன். முதலில் சிரிப்பாக இருந்தது. போகப்போக வலித்தது மாமா. உங்களிடமிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: என்னைப் பார்த்து நேராக ஒரு வார்த்தை. பொங்கல் வரை பார்ப்பது, அதற்குள் அது கிடைக்காவிட்டால் நானும் ஓசூருக்கே கிளம்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஐப்பசியில் இடி விழுந்து கூடத்து டிவி செத்துப்போனது. புதுசு வேண்டாம் என்று (சுவரிடம்) சொல்லிவிட்டீர்கள். அப்புறம் ஒரு மத்தியானம், அலமாரி மேலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கிவந்து என் மானிட்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள். பிரித்தால் பழைய டிவி கேம். மஞ்சளேறிய பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், ஒரு கேசட்.

உங்கள் மகனுக்கு ஃபோன் போட்டேன். “அப்பா மில்லு ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து என்கூட ஆடுவாரு. அவருதான் ஃபர்ஸ்ட் பிளேயர், வுட்டுக்குடுக்கவே மாட்டாரு. உன் மானிட்டர்ல வருமான்னு பாரேன்” என்றார்.

வரவில்லை. கேம் பெட்டியிலிருந்து வந்தது மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். மானிட்டரில் அதற்கான துளையே கிடையாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட வேண்டும் என்று தேடிப் பிடித்து ஆன்லைனில் வாங்கினேன். அதையும் மாட்டினேன். திரையில் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் வந்தது. நீங்கள் வாசலுக்கும் என் அறைக்குமாக நடந்தபடி, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டப்பாவைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் அம்புக்குறி என் கண்ணில் பட்டது. புதுசிலிருந்து பழசுக்கு மாற்றுகிற கன்வெர்ட்டரை வாங்கித் தொலைத்திருக்கிறேன். நமக்கு வேண்டியது பழசிலிருந்து புதுசுக்கு.

“தப்பா வாங்கிட்டேன்” என்று சுவரிடம் சொன்னேன்.

“கெடக்கட்டும், மாத்திக்கலாம்” என்றது சுவர்.

சரியானது வந்த அன்று மஞ்சளை மஞ்சளில் செருகினேன், வெள்ளையை வெள்ளையில். பக்கத்தில் சிவப்பாக ஒரு துளை இருந்தது. அதற்கு ஒயர் இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை, ஏனென்றால் படம் வந்துவிட்டது. உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சத்தம்தான் இல்லை. மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது, இயர்போன் துளை மட்டும் உண்டு. இயர்போனைச் செருகி இடது பக்கத்தை நான் மாட்டிக்கொண்டேன். வலது பக்கத்தை மேஜையில், உங்கள் பக்கமாக வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தீர்கள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காதில் வைத்துக்கொண்டீர்கள். பால் ஊற்ற வந்த அக்கா, மாமனாரும் மருமகளும் ஒரே ஒயரில் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அளந்த பாலை மறுபடியும் அளந்தார்.

துப்பாக்கியோடு இரண்டு பேர் காட்டுக்குள் ஓடுகிற ஆட்டம். இரண்டு பேரும் சேர்ந்து நகர்ந்தால்தான் திரை நகரும். ஒருவர் பின்தங்கினால் முன்னால் போனவர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உங்கள் ஆள் விறுவிறுவென்று போய்விட்டான். என் ஆள் ஒரு பள்ளத்துக்கு முன்னால் பயந்துபோய் நின்றான்.

“வந்தா போவலாம்” என்றீர்கள் ஜன்னலிடம்.

எனக்கு எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. எதிரிகள் வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் கனைத்தீர்கள். நாற்காலி நுனிக்கு வந்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்த்து, “குதிம்மா. நீ வராம நான் எப்டி போறது?” என்றீர்கள்.

குதித்தேன். பள்ளத்துக்குள்தான் விழுந்தேன். ஆனால் அன்று ராத்திரி உங்கள் மகனிடம் ஓசூரில் வீடு பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீடு பார்க்கச் சொல்ல நான் நினைத்திருந்ததே அவருக்குத் தெரியாது, பாவம், குழம்பிப்போனார்.

அதற்கப்புறம் உங்கள் வாயை மூட முடியவில்லை. என் வேலை முடிகிற மத்தியானங்களில் கேம், கேமோடு பேச்சு. ஒவ்வொன்றுக்கும் கேட்பீர்கள். “இன்னா சத்தம் அது?” ஹெலிகாப்டர், மாமா. “பாட்டு மாறிப்போச்சா?” மாறிடுச்சி, பெரிய ஆளு வரப்போறான். “எப்டி மாறுது, பாடு பாக்கலாம்.” பாடியும் காட்டியிருக்கிறேன், வெட்கங்கெட்டு. அத்தை கதை, மில் கதை, என் அம்மா வீட்டுக் கதை எல்லாம் நடுநடுவே வந்தன. மில்லின் தறிச் சத்தத்தில் உங்கள் காது மந்தமாகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதனால் ஒருநாள் சொன்னேன், “ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கிடலாம் மாமா, ரெண்டு பேருக்கும் நல்லா கேக்கும்.”

“இன்னாத்துக்கும்மா? இதுவே நல்லாத்தான் கேக்குது” என்றீர்கள்.

ஆட்டத்தை நாம் முடிக்கவே இல்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள், ஒரு காலையில், எழுந்திருக்காமலேயே போய்விட்டீர்கள்.

இன்று மீட்டிங் முடிந்ததும் இயர்போனைப் பழைய இடத்தில் செருகிக் கேமைப் போட்டேன். பக்கத்தில் ஆள் இல்லாததால், கேமுக்கு முதல்முறையாக இரண்டு பக்கத்தையும் நானே மாட்டிக்கொண்டேன். இடது காதில் பாட்டு வந்தது. வலது காதில் ஒன்றுமே இல்லை. இயர்போன் போய்விட்டதா என்றால், அரை மணி நேரத்துக்கு முன்னால் மீட்டிங்குக்காகக் கம்ப்யூட்டரில் செருகியபோது இரண்டு காதிலும் கேட்டது. கன்வெர்ட்டரை எடுத்துத் திருப்பினேன். சிவப்புத் துளை தூசி அடைந்து காலியாக இருந்தது.

வெள்ளை இடது காதுக்கு, சிவப்பு வலது காதுக்கு. சிவப்பில் ஒயர் இல்லாவிட்டால் வலது பக்கம் எதுவும் போகாது. முதல் நாளிலிருந்தே போயிருக்காது. இடப்பக்கம் உட்கார்ந்தவள் நான். வலப்பக்கம் நீங்கள்.

அடுத்த அறையில் நான் தும்மினால்கூட “வெந்நி வெச்சிக் குடி” என்று கூடத்திலிருந்து சொல்வீர்களே மாமா. அந்தக் காதா மந்தம்? ஊமை இயர்போனை மாட்டிக்கொண்டு அத்தனை மத்தியானமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அதில் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது என்னை மட்டும்தான். மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

வெள்ளை ஒயரை இரண்டாகப் பிரிக்கிற சின்ன இணைப்பு ஒன்று பாகூர்க் கடையிலேயே கிடைக்கும். அதன் ஒரு முனையைச் சிவப்புத் துளையிலும் செருகினால் இரண்டு காதிலும் கேட்கும். நான் வாங்கப் போவதில்லை.

உங்கள் மகன் சனிக்கிழமை வருகிறார். நீங்கள் போனதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. சோற்றில் கை வைத்தபடியே எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். ஃபர்ஸ்ட் பிளேயர் கன்ட்ரோலரையும் சத்தம் வருகிற பக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிடுவேன். உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்து, வலது பக்கத்தை மாட்டிக்கொண்டு, ஹெலிகாப்டர் வரும்போது கேட்பேன், “இன்னா சத்தம் அது?”